‘ஈ’ என்ற ஓர் எழுத்து: ஸ்காபரோவில் ஒரு வேலையிழப்புக் காப்புறுதி வழக்கு

2024 ஆகஸ்ட் 25, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். கனடாவின் ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவில், மார்க்கம் வீதிப் பக்கத்து அடுக்குமாடி ஒன்றிலிருந்து ஓர் அக்கா என்னைத் தேடி வந்தார். கையில் சம்பா அரிசிப் பை. உள்ளே அரிசி இல்லை. ஒன்பது வருடச் சம்பளத் துண்டுகள், வருட வாரியாக றப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தார். அவற்றுக்கு மேலே நான்காக மடித்த ஒரு கடிதம்.

“தம்பி, நான் விட்டுட்டு வரேல்லை. அவங்கள்தான் இடத்தை மாத்தினவங்கள்,” என்றார், கதிரையில் இருக்குமுன்பே.

கனடிய மத்திய அரசின் சேவை அலுவலகம் அனுப்பிய அந்தக் கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: நீங்கள் தக்க காரணமில்லாமல் வேலையை நீங்களாகவே விட்டிருக்கிறீர்கள், ஆகவே உங்களுக்கு வேலையிழப்புக் காப்புறுதி கிடையாது. திகதி ஆகஸ்ட் 6. மறுபரிசீலனை கேட்க 30 நாள் அவகாசம். அதில் 19 நாள் போய்விட்டது.

ஸ்காபரோவில் நம்மவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பதை நான் பல வருடமாகச் செய்கிறேன். வேலை போனவருக்கு அடுத்த வேலை தேடும் காலத்தில் பணம் தரும், ஈஐ என்று எல்லோரும் சொல்லும் இந்த அரச காப்புறுதியில் எத்தனையோ விண்ணப்பங்களைப் பார்த்திருக்கிறேன். இந்த ஒன்றை விரிவாக எழுதுகிறேன். காரணம், யாருக்குக் கிடைக்கும், எவ்வளவு கிடைக்கும் என்ற இரண்டு கேள்விகளும் இதில் முழுமையாக வந்துபோயின. அக்காவின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நடந்தது என்ன

அக்காவுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. உறைந்த உணவு பொதி செய்யும் ஓர் ஆலையில் பகல் வேலை, காலை 7 மணி முதல் 3:30 வரை. மணித்தியாலத்துக்கு 18.50 டொலர். வீட்டிலிருந்து ஒரே பஸ். அவருடைய கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. திங்கள், புதன், வெள்ளி பின்னேரம் 5 மணிக்கு டயாலிசிஸ், முடிய 9 மணியாகும். முடிந்த பிறகு அவருக்கு இரத்த அழுத்தம் இறங்கிவிடும். இரவில் பக்கத்தில் ஆள் வேண்டும். அக்காவின் நாள் முழுவதும் இந்த நேரக் கணக்கின் மேல்தான் நின்றது.

2024 மே மாதம் நிறுவனம் ஸ்காபரோப் பிரிவை மூடியது. எல்லோரும் ரொறன்ரோவுக்கு மேற்கே உள்ள மிசிசாகா நகரின் மேற்குப் புறத்தில் இருக்கிற பெரிய ஆலைக்கு வரலாம், ஆனால் இரவு வேலை மட்டும்தான், 7 மணி முதல் அதிகாலை 3:30 வரை என்றார்கள். அக்கா ஜூன் 3-ஆம் திகதியிலிருந்து நான்கு இரவுகள் போய்ப் பார்த்தார். போக இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். வேலை முடிகிற நேரத்தில் சுரங்க ரயில் ஓடாது. புதன் இரவு கணவர் குளியலறையில் விழுந்துவிட்டார்.

பகல் வேலை ஏதாவது தாருங்கள், இல்லாவிட்டால் இரண்டு மாத விடுப்பாவது தாருங்கள் என்று சுப்பவைசருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார். பதில் இரண்டு வரி: இரவு மட்டும்தான் இருக்கிறது, வர முடியாவிட்டால் உங்கள் விருப்பம். அக்கா அதை ‘போகலாம்’ என்று எடுத்துக்கொண்டார். நிறுவனமோ ‘விட்டுப் போனார்’ என்று எழுதியது.

எழுதிய இடம் ஆர்ஓஈ. வேலை நின்றதும் முதலாளி கொடுக்கவேண்டிய வேலைப் பதிவுப் பத்திரம் அது. அதன் 16-ஆம் பெட்டியில் வேலை ஏன் நின்றது என்பதற்கு ஓர் எழுத்துப் போடுவார்கள். வேலை இல்லை என்றால் ‘ஏ’. நோய் என்றால் ‘டி’. தானாக விட்டால் ‘ஈ’. வேலையிலிருந்து நீக்கினால் ‘எம்’. அக்காவின் பத்திரத்தில் ‘ஈ’.

விண்ணப்பத்தைப் போட்டுக் கொடுத்தவர் பெறாமகன். நல்ல பிள்ளை, நல்ல மனதோடுதான் செய்தார். ஏன் விட்டீர்கள் என்ற இடத்தில் ‘வேலையிடம் மிகவும் தூரம்’ என்று ஒரே வரி எழுதியிருந்தார். டயாலிசிஸ் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இரவு வேலைக்கு மாற்றியதும் இல்லை. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற எவருக்கும் ஒரே முடிவுதான் வந்திருக்கும்: இந்த அம்மா தூரம் என்று வேலையை விட்டுவிட்டார்.

மணித்தியாலம் முதலில்

ஈஐ கிடைக்க முதலில் வேண்டியது மணித்தியாலம். கடைசி 52 வாரத்தில், அல்லது முந்திய விண்ணப்பம் தொடங்கிய நாளிலிருந்து, இரண்டில் எது குறுகியதோ அந்தக் காலத்துக்குள், காப்புறுதிக்கு உட்பட்ட வேலையில் எத்தனை மணித்தியாலம் உழைத்தீர்கள் என்பதே கேள்வி. ஈஐ-க்காக நாட்டை வலயங்களாகப் பிரித்திருக்கிறார்கள்; எத்தனை வேண்டும் என்பது நீங்கள் இருக்கிற வலயத்தின் வேலையின்மை வீதத்தைப் பொறுத்தது. வீதம் 6 சதவீதம் அல்லது குறைவு என்றால் 700. ஒவ்வொரு சதவீதம் கூடும்போதும் 35 குறைந்துகொண்டு போய், 13 சதவீதத்துக்கு மேல் 420-இல் நிற்கும். வேலை கிடைப்பது கடினமான ஊரில் இருப்பவருக்கு வாசல் கொஞ்சம் அகலம். அக்கா விண்ணப்பித்த நேரம் ரொறன்ரோ வலயத்துக்கு 630 வேண்டியிருந்தது. அவரிடம் 1,984 இருந்தது.

பகுதிநேர வேலை செய்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம். 1996-இல் சட்டம் மாறி, அடுத்த ஆண்டு முதல் வாரக் கணக்கு போய் மணித்தியாலக் கணக்கு வந்தது. இரண்டு இடத்தில் பத்துப் பத்து மணித்தியாலம் செய்கிறவருக்கும் எல்லாம் ஒன்றாய்ச் சேரும். ஆனால் பதிவில் இருந்தால்தான். காசாகக் கையில் வாங்கிக்கொண்டு வேலை செய்தவர்கள் என்னிடம் வந்து அழுததுண்டு. இரண்டு வருடம் கடையில் நின்றிருப்பார்கள், ஒரு மணித்தியாலமும் எங்கும் இருக்காது. அவர்களுக்கும் ஒரு வழி உண்டு. அந்த வேலை காப்புறுதிக்கு உட்பட்டதா என்று வருமான வரித் திணைக்களத்திடம் தீர்ப்புக் கேட்கலாம், அடுத்த வருடம் ஜூன் 30-க்கு முன். அதற்கும் ஏதாவது ஓர் ஆதாரம் வேண்டும். முதலாளியின் ஒரு குறுஞ்செய்தி கூட உதவும்.

அக்காவுக்கு மணித்தியாலம் பிரச்சினையே இல்லை. ஆனால் தக்க காரணமில்லாமல் தானாக விட்டவர் என்று முடிவானால் அந்த 1,984-உம் கணக்கில் வராது. வேலையை விட்ட நாளுக்கு முன் சேர்த்த மணித்தியாலம் எதையும் காட்டிப் பணம் கேட்க முடியாது. புதிதாக ஒரு வேலை தேடி, ஒன்றிலிருந்து மீண்டும் எண்ணவேண்டும். ஓர் எழுத்துக்கு இவ்வளவு கனம் இருக்கிறது என்று அக்காவுக்கு நான் சொன்னபோது அவர் அரிசிப் பையைத்தான் பார்த்தார்.

வேறு வழி இருந்ததா

‘தக்க காரணம்’ என்பதைப் பலர் ‘நல்ல காரணம்’ என்று விளங்கிக்கொள்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. சம்பளம் போதவில்லை, மேற்படிப்புக்குப் போகிறேன், பிள்ளைகளோடு இருக்க ஆசை, எல்லாம் நல்ல காரணங்கள். சட்டம் கேட்பது வேறு: எல்லாச் சூழ்நிலையையும் வைத்துப் பார்த்தால், அந்த நேரத்தில் வேலையை விடுவதைத் தவிர நியாயமான வேறு வழி இருந்ததா? இல்லை என்றால்தான் தக்க காரணம். சட்டத்திலேயே ஒரு பட்டியல் உண்டு. தொல்லை, பாகுபாடு, உடல்நலத்துக்கு ஆபத்தான வேலைச் சூழல், சம்பள நிபந்தனையில் பெரிய மாற்றம், வேலையின் கடமைகளில் பெரிய மாற்றம், குடும்பத்தவரைப் பராமரிக்கும் கடமை என்று போகும். ஆனால் பட்டியலில் இருப்பதாலேயே கிடைத்துவிடாது. வேறு வழி தேடினீர்களா என்ற கேள்வி எப்போதும் பின்னால் நிற்கும்.

அதனால் அன்று பின்னேரம் நாங்கள் தேடியது காரணத்தை அல்ல, காரணம் வெளிப்படையாக இருந்தது. வேறு வழி தேடியதற்கு எழுத்தில் என்ன இருக்கிறது என்று தேடினோம். அக்காவின் கைபேசியில் அந்தக் குறுஞ்செய்திகள் அழியாமல் இருந்தன. பகல் வேலை கேட்டது, விடுப்புக் கேட்டது, ‘உங்கள் விருப்பம்’ என்ற பதில், எல்லாம் திகதியோடு. அந்த நான்கு இரவுகள் அவர் போய் வந்ததற்குச் சம்பளத் துண்டு இருந்தது. ஒரு தடவை கூடப் போய்ப் பார்க்காமல் மறுத்திருந்தால் வழக்கு இவ்வளவு பலமாக இருந்திருக்காது. திங்கட்கிழமை டயாலிசிஸ் பிரிவில் ஒரு கடிதம் வாங்கினோம்: எந்த நாள், எத்தனை மணிக்கு, இரவில் ஏன் ஆள் வேண்டும். பஸ் நேர அட்டவணையில் அதிகாலை 3:30-க்குப் பிறகு வீட்டுக்கு வர எத்தனை மாற வேண்டும் என்று கோடு போட்டு வைத்தோம்.

இங்கே ஒரு பொறி இருந்தது. வேலை செய்ய முடியாத நிலையைக் காட்டி வென்றுவிட்டு, வேலை செய்யத் தயார் என்றும் சொல்லவேண்டும். ஈஐ வாங்குகிறவர் ஒவ்வொரு வேலை நாளும் வேலை செய்யத் தயாராகவும் இயலுமானவராகவும் இருக்கவேண்டும், வேலை தேடிக்கொண்டும் இருக்கவேண்டும். கணவரைப் பராமரிக்கிறேன் என்று மட்டும் எழுதினால், அப்படியென்றால் நீங்கள் வேலைக்கு எப்படிப் போவீர்கள் என்று கேட்பார்கள். அக்காவின் நிலைமையில் பதில் நேரானது. பகல் வேலை எதுவானாலும் திங்கள் முதல் சனி வரை போவார், பின்னேரமும் இரவும்தான் முடியாது. ஒன்பது வருடம் அப்படித்தான் செய்தார். மறுபரிசீலனைப் படிவத்தில் அதை இரண்டாவது பந்தியிலேயே எழுதினோம். ஜூன் கடைசியிலிருந்து அவர் விண்ணப்பித்த வேலைகளையும் திகதியோடு சேர்த்தோம்.

இன்னொன்றையும் அன்றே கேட்டேன்: “அக்கா, இரண்டு கிழமைக்கொருக்கா அறிக்கை குடுக்கிறீங்களோ?”

“இல்லையெண்டு சொன்ன பிறகு ஏன் தம்பி குடுப்பான்?”

இது நான் அடிக்கடி காண்கிற தவறு. வேலை செய்தீர்களா, எவ்வளவு உழைத்தீர்கள், வேலைக்குத் தயாரா என்று இரண்டு வாரத்துக்கொருமுறை ஈஐ-க்குச் சொல்வதுதான் இந்த அறிக்கை. மறுபரிசீலனை நடந்துகொண்டிருக்கும்போதும் அதை நிறுத்தக் கூடாது. முடிவு மாறினால் எந்தெந்த வாரத்துக்குப் பணம் என்று பார்ப்பது அந்த அறிக்கைகளை வைத்துத்தான். நல்லவேளை, ஒரே ஒரு முறைதான் விட்டிருந்தார். அன்றிரவே சரிசெய்தோம்.

செப்டெம்பர் 3-ஆம் திகதி படிவம் போய்ச் சேர்ந்தது. ஒக்டோபர் நடுப்பகுதியில் ஓர் அதிகாரி தொலைபேசியில் அக்காவிடம் நாற்பது நிமிடம் கதைத்தார், தமிழ் மொழிபெயர்ப்பாளர் நடுவில் இருந்தார். நிறுவனத்தையும் கேட்டிருக்கிறார்கள். நிறுவனம் கடைசிவரை ‘ஈ’ எழுத்தை மாற்றவில்லை. முடிவு மாறியது. 16-ஆம் பெட்டி முதலாளியின் கூற்று, அது தீர்ப்பு அல்ல. இரு பக்க ஆதாரமும் சம எடையாக நின்றால் சந்தேகத்தின் பலனை விண்ணப்பித்தவருக்குத்தான் கொடுக்கவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மாறாமல் போயிருந்தால் அடுத்த 30 நாளுக்குள், இப்படிப்பட்ட முடிவுகள் மீதான மேன்முறையீட்டைக் கேட்கும் சமூகப் பாதுகாப்புத் தீர்ப்பாயத்துக்குப் போயிருப்போம்.

எவ்வளவு

அக்காவின் பயம் இதில் வேறு. மார்ச் முதல் மே வரை ஆலையில் வேலை குறைந்து, பதினொரு வாரம் வெறும் 24 மணித்தியாலம்தான் கிடைத்தது. வாரம் 444 டொலர். “கடைசிச் சம்பளத்தைப் பாத்துத்தானே தருவாங்கள்? அப்ப இருநூற்றி நாற்பதுதானே வரும்?” என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

கணக்கு அப்படி இல்லை. 52 வாரத்தில் உங்களுக்கு நன்றாகச் சம்பளம் வந்த வாரங்களை மட்டும் பொறுக்கி எடுப்பார்கள். எத்தனை வாரம் என்பதும் வலயத்தின் வேலையின்மை வீதத்தைப் பொறுத்தது, 14 முதல் 22 வரை. அக்காவின் வலயத்துக்கு 20. நத்தாருக்கு முன் எட்டு வாரம் அவர் 50 மணித்தியாலம் செய்திருந்தார். ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் வாரம் 44 மணித்தியாலத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு சம்பளம், ஆக வாரம் 980.50 டொலர். மற்ற வழக்கமான வாரங்கள் 40 மணித்தியாலம், 740 டொலர். சிறந்த 20 என்றால் அந்த எட்டும், வழக்கமானதில் பன்னிரண்டும். மொத்தம் 16,724 டொலர். 20-ஆல் வகுத்தால் 836.20. அதில் 55 சதவீதம், 460 டொலர். மெலிந்த பதினொரு வாரமும் இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை.

குளிரில் கைவிரல் மரத்துப்போக அவர் செய்த ஓவர்டைம் இங்கே வேலை செய்தது. ஒரு கவனம் மட்டும்: ஓவர்டைம் பணத்தில் ஒன்றரை மடங்கு, மணித்தியாலத்தில் ஒன்றுக்கு ஒன்றுதான்.

எவ்வளவு உழைத்தவருக்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு. 2024-இல் வருடச் சம்பளத்தில் 63,200 டொலர் வரைதான் கணக்கு, அதனால் வாரத்துக்கு 668-க்கு மேல் போகாது. 2025-இல் அது 695 ஆனது. இந்தக் காப்புறுதிக்காகச் சம்பளத்தில் பிரீமியம் பிடிப்பதும் அதே வரம்பு வரைதான். 2024-இல் நூறு டொலருக்கு 1.66 டொலர். அக்காவின் 740 டொலர் வாரத்தில் 12 டொலர் 28 சதம் போயிருக்கும், முதலாளி அதன் 1.4 மடங்கு கட்டியிருப்பார். இந்தப் பணத்தை அரசாங்கத்தின் உதவிப் பணம் என்று நினைத்து வெட்கப்படுகிறவர்களுக்கு நான் சம்பளத் துண்டைத்தான் காட்டுவேன். ஒன்பது வருடம் கட்டிய காப்புறுதி அது.

இதைத் தேசிய அளவில் கொண்டுவரவே ஒரு போராட்டம் நடந்தது. பெருமந்த காலத்தில், 1935-இல் போட்ட சட்டத்தை, மாகாணங்களின் அதிகாரத்தில் தலையிடுகிறது என்று அப்போது கனடாவுக்குக் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவிக் கவுன்சில் 1937-இல் செல்லாதென்றது. அரசியலமைப்பையே திருத்தி 1940-இல்தான் வேலையிழப்புக் காப்புறுதிச் சட்டம் நின்றது.

சரி, எத்தனை வாரத்துக்குக் கிடைக்கும்? அது 14 முதல் 45 வரை. மணித்தியாலமும் வலயத்தின் வீதமும் சேர்ந்து தீர்மானிக்கும். 1,820-க்கு மேல் இருந்ததால் அக்காவுக்கு அவருடைய வலயத்தின் உச்சமான 40 வாரம் கிடைத்தது.

ஆனால் முதல் நாளிலிருந்தே பணம் வராது. ஆர்ஓஈ-இன் 17-ஆம் பெட்டியில் 1,480 டொலர் விடுமுறைப் பணம் காட்டப்பட்டிருந்தது. அவருடைய வழக்கமான வாரச் சம்பளமான 740-ஆல் பிரித்தால் இரண்டு வாரம். அந்த இரண்டு வாரமும் சம்பளம் வந்த வாரம் போலக் கணக்கு. பிறகு ஒரு வாரம் காத்திருப்பு, அதற்குப் பணமே இல்லை. ஆக ஜூன் 9-இல் தொடங்கிய காலத்தில் ஜூன் 30-இலிருந்துதான் பணம். விடுமுறைப் பணத்தால் 40 வாரம் குறையவில்லை, தள்ளித்தான் போனது. பின்னர் 2025 வசந்தத்தில், அமெரிக்க வரி விதிப்பால் வேலைகள் ஆட்டம் கண்டபோது, காத்திருப்பு வாரத்தையும் இப்படிப்பட்ட கழிவுகளையும் தற்காலிகமாக நிறுத்தினார்கள். அக்காவுக்கு அது பொருந்தவில்லை.

செப்டெம்பர் 14 முதல் அக்கா ஓர் இடியப்பக் கடையில் சனிக்கிழமை மட்டும் நின்றார். பத்து மணித்தியாலம், 170 டொலர். கடைக்காரர் காசாகத் தாறேன் என்றார். நான் வேண்டாம் என்று கடுமையாகவே சொன்னேன். ஈஐ-யில் இருக்கும்போது உழைக்கத் தடை இல்லை. உழைக்கிற ஒவ்வொரு டொலருக்கும் 50 சதம்தான் கழிப்பார்கள், பழைய வாரச் சராசரியில் 90 சதவீதம் வரும்வரை. அதற்கு மேல்தான் டொலருக்கு டொலர். அக்காவுக்கு 85 கழிந்து 375 வந்தது, கடைச் சம்பளத்தோடு 545. சொல்லாமல் விட்டிருந்தால் வாங்கியதைத் திருப்பிக் கட்டவேண்டும், தண்டமும் வரலாம். அதைவிட மோசமாக, விதிமீறல் என்று பதிவானால் அடுத்த தடவை தகுதிபெற வேண்டிய மணித்தியாலமே கூடிவிடும். சம்பளம் கைக்கு வந்த வாரத்தில் அல்ல, வேலை செய்த வாரத்தில், கழிவுகளுக்கு முந்திய தொகையை அறிக்கையில் போடவேண்டும்.

ஊருக்குப் போவதும் அப்படித்தான். நல்லூர்த் திருவிழாவுக்குப் போய்க்கொண்டே இங்கே தயாராக இருக்கிறேன் என்று அறிக்கை கொடுத்து அகப்பட்டவர்கள் உண்டு. நெருங்கிய குடும்பத்தவரின் செத்தவீடு, அவர்களின் கடும் நோய் போன்றவற்றுக்கு 7 நாள் வரை நாட்டுக்கு வெளியே போகலாம், அதையும் சொல்லிவிட்டு.

ஒக்டோபர் 12 வரையான 15 வாரப் பாக்கி ஒன்றாக வந்தது. சனிக்கிழமைக் கழிவு போக, வரி பிடிக்குமுன் 6,475 டொலர். ஈஐ-க்கும் வருமான வரி உண்டு, சில்லறையாகத்தான் பிடிப்பார்கள், மார்ச் மாதம் கணக்குப் போடும்போது மிச்சம் கட்டவேண்டி வரலாம் என்று சொல்லி ஒரு பகுதியை எடுத்து வைக்கச் சொன்னேன். முதல் வேலையாக அவர் மூன்று மாத வாடகைக் கடனைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

2025 ஜனவரி 13-இல் அக்காவுக்குப் புது வேலை கிடைத்தது, பகல் வேலை, வீட்டுக்கு ஒரு பஸ் தூரத்தில். அதுவரை 28 வாரம் வாங்கியிருந்தார். மிச்சம் 12 வாரம் ஜூன் முதல் வாரம் வரை அவர் பெயரில் இருந்தது. புது இடம் அதற்குள் நின்றால் அதைத் திறந்து எடுக்கலாம். அதற்குப் பிறகு நின்றால் புதிய மணித்தியாலங்களில்தான் போகவேண்டும். இதைச் சொன்ன நாளிலிருந்து சமையலறைச் சுவரில் தொங்குகிற கோயில் நாட்காட்டியில், திதிக்குப் பக்கத்தில், அன்றன்று செய்த மணித்தியாலத்தைப் பேனையால் எழுதி வருகிறார்.